ஐந்தாவது காலம்

என் ஓட்ட நோட்டில் முதல் ஐந்து வருடம் நான்கே காலம்தான்: தேதி, தூரம், நேரம், நாடித்துடிப்பு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நீல மையில் எழுதுவேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். எதையும் காலம் பிரித்து எழுதினால்தான் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றும். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் இதையெல்லாம் தானே குறித்துக்கொள்கிறது, தெரியும். இருந்தாலும் ஓடிவிட்டு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, முழங்கையிலிருந்து சொட்டும் வியர்வையில் மை கலங்க எழுதினால்தான் அந்த ஓட்டம் வரவில் சேரும்.

ஐந்தாவது காலத்தைப் போடவைத்தது ஒரு கோடைப் பந்தயம்.

அதற்கு முன்கதை, சுருக்கமாக. 39 வயதில் ஓட ஆரம்பித்தேன். மூன்று மாடி ஏறிவிட்டு, போனில் எதையோ பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டே மூச்சு வாங்கிய ஒரு நாள், அவ்வளவுதான் காரணம். முதல் பந்தயம் பத்து கிலோமீட்டர். எல்லாரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். கூட்டத்தோடு தலைதெறிக்கக் கிளம்பி முதல் கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் முடித்தேன். எட்டாவது கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் ஆனது. மார்பில் எண் அட்டையை நாலு ஊசிக்குப் பதில் இரண்டே ஊசியில் குத்தியிருந்ததால் அது வழிநெடுக முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. அப்புறம் இன்னும் நாலைந்து பத்துகள். 43 வயதில், நல்ல குளிர்காலக் காலை ஒன்றில், முதல் அரை மாரத்தான். 21.0975 கிலோமீட்டர், 2:06:18. கல்யாண நாளை மறந்திருக்கிறேன், இந்த எண்ணை மறந்ததில்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்ற ஆசை அன்றைக்கே பிடித்துக்கொண்டது. ஆறு நிமிடமும் சொச்சமும் குறைக்கவேண்டும், மாதம் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்றால் ஆறு மாதம். கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. ஆறாவது மாதம் கோடையில் விழுகிறது என்பது மட்டும் அதில் எங்கேயும் வரவில்லை.

கோடைப் பந்தயம் காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்துக்கே காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. கிலோமீட்டருக்கு 5:40 என்று முடிவு செய்துகொண்டு ஓடினேன். பத்தாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது 56 நிமிடம் 40 விநாடி, திட்டம் போட்டபடியே. நாடித்துடிப்பு 178. கடிகாரத்துக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பன்னிரண்டில் வியர்வை காலுறையை நனைத்து ஷூவுக்குள் இறங்கி, ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக்கென்றது. பதினான்கில் கையெல்லாம் புல்லரித்துக் குளிரெடுத்தது. அந்தச் சூட்டில் ஓடும்போது குளிரெடுத்தால் உடம்பு தாங்கவில்லை என்று அர்த்தம், உடனே நிற்கவேண்டும். அன்றைக்கு அது தெரியாது. ஓடிக்கொண்டே காகிதக் கோப்பையை எடுத்து வாயில் கவிழ்த்தேன், பாதி மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டு நின்றவனுக்கு மறுபடி கால் எழவில்லை. மிச்சத்தை நடையும் அரையோட்டமுமாக இழுத்தேன். 2:15 என்று எழுதிய பலூனைக் கட்டிக்கொண்டு, அந்த நேரத்துக்கு முடிக்க வழிகாட்டி ஓடும் பேசர் என்னைக் கடந்து போனார், அவர் பின்னால் ஒரு கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டு. நான் முடித்தது 2:24:50.

ஆறு மாதம் பயிற்சி செய்து பதினெட்டரை நிமிடம் பின்னால் போயிருக்கிறேன்! உழைப்பு போதவில்லை என்றுதான் தீர்மானித்தேன். கோடை முடியும்வரை செவ்வாயும் வெள்ளியும் வேக ஓட்டம், ஞாயிறு நீள ஓட்டம், குளிர்காலத்து வேகத்தையே வெயிலிலும் பிடிக்கவேண்டும் என்ற வெறி. ஐந்தாவது வாரம் குதிகாலுக்கு மேலே, கயிறு மாதிரி ஓடும் அந்தத் தசைநாணில் வலி ஆரம்பித்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் பத்து அடி கிழவன் நடை. விரலால் பிடித்துப் பார்த்தால் ஒரு பட்டாணி அளவுக்குத் தடிப்பு. அதோடும் இரண்டு வாரம் ஓடினேன் என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரே ஒரு பயிற்சி கொடுத்தார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலால் எம்பி ஏறி, நோகிற காலில் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்கவேண்டும். முட்டியை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி அதேபோல் மூன்று சுற்று. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஒரு நாளைக்கு 180, பன்னிரண்டு வாரத்துக்கு. இந்தப் பயிற்சி வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் ஸ்வீடனில் எலும்பு மருத்துவர், தானும் ஓடுகிறவர். அவருக்கே இந்த வலி வந்து, அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். அவர் மறுத்ததும், நாண் அறுந்தால் செய்துதானே ஆகவேண்டும், சரி, அறுத்தே விடுவோம் என்று வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்க ஆரம்பித்தார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது. பிறகு 15 பேருக்கு அதையே முறைப்படி செய்யவைத்து 1998-ல் ஆய்வாக வெளியிட்டார். கோபத்தில் பிறந்த வைத்தியம்! எனக்குப் பதினோராவது வாரம் கேட்டது. எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்லமாட்டேன். வலி இருந்தால் கைவைத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அப்படி ஒரு மாலை படிக்கட்டில் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் கீழ்வீட்டு அக்கா வந்தார். 58 வயது. எனக்கு முன்னாலிருந்தே ஓடுகிறவர். கடிகாரம் கட்டுவதில்லை. பந்தயத்துக்கு வருவார், நேரம் கேட்டால் "முடிச்சேன்" என்பார். ஓடும்போது ஊர்க்கதை முழுக்கப் பேசுவார். இவருக்கு மூச்சே வாங்காதா என்று எனக்கு எரிச்சலாக வரும். என் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"அன்னைக்கு ரேஸ்ல எத்தனை டிகிரி, தம்பி?"

"தெரியலைக்கா."

"இதுல எழுதலையா?"

"இல்லை."

"காலம் காலமா கோடு போட்டிருக்கே, என்ன காலம்னு எழுதலையே."

சிரித்துக்கொண்டே நோட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு பழைய தேதிகளுக்கெல்லாம் வெப்பநிலையைத் தேடி, பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். முதல் அரை மாரத்தான், புறப்படும்போது 12 டிகிரி. கோடைப் பந்தயம், 27. பதினெட்டரை நிமிடம் எங்கே போயிற்று என்று பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வெயில் செய்யும் வேலை இதுதான். ஓடும்போது நாம் எரிக்கும் சக்தியில் கால்வாசிதான் ஓட்டமாகிறது, அதுவும் சரியாக ஓடினால். மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற இதயம் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, காலுக்குப் போகவேண்டிய பங்கு குறைகிறது. வியர்வை சொட்டினால் பயனில்லை, ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமென்றால் ஆவியாவதும் குறைந்துபோகும். அதனால் அதே வேகத்துக்கு நாடி ஏறிக்கொண்டே போகிறது. என் 178 கோளாறில்லை. கடிகாரம் அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னது.

கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேவையே எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானை, வெயிலுக்குப் பயந்து, வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். 2021 ஆகஸ்டில் நடந்த அந்த ஓட்டத்தில் அங்கேயும் புழுக்கம் விடவில்லை. 106 பேர் புறப்பட்டு 30 பேர் பாதியில் விலகினார்கள். கிப்சோகே தங்கம் வென்ற நேரம் 2:08:38. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பெர்லினின் குளிர்ந்த காலையில் அதே மனிதர் 2:01:09, அப்போதைய உலக சாதனை. ஒலிம்பிக்கில் பதக்கத்துக்காக ஒருவரையொருவர் பார்த்து ஓடுவார்கள், வேகத்துக்கு ஆள் வைத்து ஓடுவதில்லை என்பதும் சேர்ந்ததுதான். இருந்தாலும் ஏழரை நிமிடம். 1904-ல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் நல்ல வெயிலில், பிற்பகலில், குடிக்கத் தண்ணீரும் சரியாக வைக்காமல் மாரத்தானை நடத்தியிருக்கிறார்கள். 32 பேரில் முடித்தவர்கள் 14 பேர், வென்றவருக்கு ஆனது மூன்றரை மணி நேரம். இதையெல்லாம் படித்தபோது ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் அற்பமான ஆறுதல்தான்.

அடுத்த கோடைக்கு நோட்டில் வெப்பநிலைக்கு ஐந்தாவது காலம் போட்டாயிற்று. வேகத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவு. கடிகாரத்தின் முகப்பிலிருந்தே அதை எடுத்துவிட்டேன். நாடி 140-ஐத் தாண்டினால் மெதுவாகவேண்டும், அப்படியும் இறங்காவிட்டால் நடக்கவேண்டும். 28 டிகிரியில் 140 என்றால் எனக்குக் கிலோமீட்டருக்கு 7:20. பக்கத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள் கொஞ்சம் வேகமாகக் கைவீசினால் என்னோடு சேர்ந்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் மானம் போயிற்று. அந்த இரண்டு வாரத்தில்தான் உடம்பு வெயிலுக்குப் பழகுகிறது: ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. முன்பெல்லாம் கறுப்பு பனியனில் காய்ந்த உப்பு வெள்ளையாக வரைபடம் போட்டிருக்கும். மூன்றாவது வாரம் அந்தக் கோடுகள் மங்கியதை நானே பார்த்தேன்.

அக்காவோடு ஓட முடிந்ததும் அப்போதுதான். அந்த வேகத்தில் எனக்கும் பேச வந்தது. அவர் ஏன் கதை சொல்லிக்கொண்டே ஓடுகிறார் என்று அன்றைக்குப் புரிந்தது. கதை தடைப்பட்டால் வேகம் அதிகம், அதுதான் அவருடைய கடிகாரம்.

மழைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடி இருந்தால் வீட்டில் இருங்கள். சாலையில் வெள்ளைக் கோடும் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடியும் நனைந்தால் எண்ணெய் ஊற்றினதுபோல் வழுக்கும். நான் ஒரு தடவை விழுந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டேன். நனைந்த துணி உரசும் இடங்களில் வாசலின் தடவாமல் போனால் குளிக்கும்போது கத்துவீர்கள். ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து மாற்றி மறுபடி திணித்தால் மறுநாளைக்குக் காய்ந்துவிடும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும்தான், ஆனால் பசை விட்டுப்போய் அடிப்பகுதி வாய் பிளக்கும். ஓட முடியாத நாளில் படிக்கட்டில் குதிகால் இறக்கம், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பலகை மாதிரி உடம்பை நீட்டிப் பிடிப்பது. சலிப்பான வேலை. அந்த வருடம் முழுக்க எனக்கு எந்த வலியும் வராததற்கு இதுதான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன்.

குளிர் வந்தது. முதல் குளிர்ந்த காலையை நோட்டில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்: எட்டு கிலோமீட்டர், நாடி 140, 13 டிகிரி. கிலோமீட்டருக்கு 6:28. கோடையில் 7:20-க்கு வாங்கின அதே மூச்சுதான். கோடை முழுக்க ஆமை மாதிரி ஊர்ந்தது எங்கேயும் போய்விடவில்லை, வட்டியோடு இருந்தது. கூட்டல் சரிதானா என்று மறுநாளும் அதே பாதையில் ஓடிப் பார்த்தேன். 6:30.

குளிரிலும் ஒரு தொல்லை உண்டு. நடுங்கிக்கொண்டு நிற்கும்போது போடும் சட்டை, ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் எதிரியாகிவிடும். நிற்கும்போது கொஞ்சம் குளிரவேண்டும், அதுதான் சரியான உடை. 2018-ல் பாஸ்டன் மாரத்தானில் மூன்று டிகிரி குளிர், எதிர்க்காற்று, கொட்டும் மழை. பெரிய பெரிய தொழில்முறை ஓட்டக்காரர்கள் பாதியில் விலகினார்கள். வென்றவர் யூகி கவாவுச்சி, ஜப்பானில் சைதாமா மாகாண அரசின் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். 2:15:58. இந்த வானிலைதான் தனக்கு மிகவும் உகந்தது என்று சொன்னாராம். எங்கள் எழுத்தர் சாதிக்கு அவர்தான் குலதெய்வம்.

சரி, என் பந்தயத்துக்கு வருகிறேன். 46 வயது, 11 டிகிரி, காற்றில்லை. இரண்டு மணிக்குள் முடிக்கக் கிலோமீட்டருக்கு 5:41 வேண்டும். ஆனால் கடிகாரத்தில் 5:41 பார்த்துக்கொண்டு ஓடினால் தோற்றுப்போவீர்கள், நான் இரண்டு பத்துகளில் அப்படித் தோற்றிருக்கிறேன். அங்கீகாரம் பெற்ற பாதையைச் சைக்கிளில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற சக்கரச் சுற்று எண்ணும் கருவியைப் பொருத்தி அளப்பார்கள், ஒவ்வொரு வளைவிலும் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இருப்பதிலேயே குறுகிய வழியாக. தூரம் குறைந்துவிடக்கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் சேர்ப்பார்கள். அரை மாரத்தானில் 21 மீட்டர். நாமோ கூட்டத்தில் இடமும் வலமும் ஒதுங்கி, வளைவுகளை வெளிப்பக்கமாகச் சுற்றி, தண்ணீர் மேஜைக்குக் குறுக்கே போய் 200 மீட்டர் அதிகம் ஓடியிருப்போம். அதனால் கடிகாரத்தில் 5:37 என்று வைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று கிலோமீட்டரில் நூறு பேராவது கடந்து போனார்கள். போகட்டும் என்று விட்டேன். ஏழு வருடத்தில் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான வித்தை அது. பதினைந்து வரை சொல்ல ஒன்றுமில்லை. பதினேழில் கெண்டைக்கால் இறுகியது. பத்தொன்பதில், முன்னால் போய்க்கொண்டிருந்த ஒருவரின் ஷூ லேஸ் அவிழ்ந்து தரையில் தட்டிக்கொண்டே போனது. அந்த டிக், டிக் சத்தத்தோடு என் காலை ஒட்டவைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். மூச்சில்லை. கடிகாரம் 21.1 என்று காட்டி அதிர்ந்தபோது 1:58:30. முடிவுக் கோடு இன்னும் இருநூறு மீட்டருக்கு அப்பால், கண்ணுக்குத் தெரிந்தும் பக்கத்தில் வராமல் நின்றது. அதற்கு எழுபத்தோரு விநாடி ஆனது. முடித்து, பதக்கத்தை மாட்டிவிட வந்த சின்னப் பெண்ணிடம் குனிந்தவன் நிமிரச் சிரமப்பட்டேன். "அங்கிள், ஓகேவா?" என்றாள்.

சிப் நேரம் 1:59:41.

அக்கா அரைமணி நேரம் கழித்து வந்தார், வேர்த்திருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. நேரத்தைச் சொன்னேன்.

"அது பாயைத் தாண்டினதிலிருந்தா, வெடி போட்டதிலிருந்தா?"

கடிகாரமே கட்டாதவருக்கு இது எப்படித் தெரியும்? புறப்பாட்டுக் கோட்டில் விரித்த பாயை மிதித்ததும்தான் சிப் நேரம் எண்ண ஆரம்பிக்கும். கூட்டத்தின் நடுவில் நின்றதால் அதை மிதிக்கவே எனக்கு 42 விநாடி ஆகியிருந்தது. வெடிச் சத்தத்திலிருந்து எண்ணினால் 2:00:23. உலக சாதனைகளுக்கெல்லாம் வெடி நேரம்தான் கணக்கு என்றும் அவரே சொன்னார். "நான் உலக சாதனை பண்ணலையேக்கா" என்றேன். வீடு வரும்வரை வாதம் நடந்தது. நோட்டில் இரண்டையும் எழுதி, சிப் நேரத்துக்கு மட்டும் அடிக்கோடு போட்டேன்.

இப்போது மறுபடி கோடை. இன்றைய வரவு: எட்டு கிலோமீட்டர், 58 நிமிடம் 10 விநாடி, நாடி 141, 28 டிகிரி. நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று அக்கா கேட்டார். நாலரை என்றேன். "அதுக்கு ஒரு காலம் போடு" என்றார். இந்த நோட்டில் இடமில்லை, ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.